பல் பிடுங்கும் ஊசியும் வெள்ளையணுக்களும்

நேயர்களுக்கு வணக்கம். பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு அந்த ஊசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஈறில் சுருக்கென்று குத்தும். சற்று நேரத்தில் பாதி உதடு இரவல் வாங்கியதுபோல் ஆகிவிடும், தண்ணீர் குடித்தால் சட்டையில் வழியும். அந்த மருந்தின் பெயர் லிக்னோகெய்ன். மயக்க மருத்துவனான எனக்கு அன்றாடம் கைபழகிய மருந்து. அது நரம்பை மரக்கச் செய்வதோடு வெள்ளையணுக்களின் கோபத்தையும் தணிக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

அதற்கு முன் அது பிறந்த கதை. இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1930-களில் ஸ்டாக்ஹோமில் பார்லிப் பயிரிலிருந்த ஒரு வேதிப்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஹோல்கர் எர்ட்மன் என்பவர் அதை ஆய்வகத்தில் செய்து பார்க்க முயன்றார். வந்ததோ வேறொன்று. அந்தக் கால வேதியியலாளர்கள், குழம்புக்கு உப்புப் பார்ப்பதுபோல, செய்த பொருளை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். இன்று அப்படிச் செய்தால் வேலை போய்விடும்! அவரும் வைத்தார், நாக்கு மரத்துப்போனது. அவரோடு இருந்த நில்ஸ் லோஃப்கிரன் அந்த மரப்பை விடவில்லை. ஆண்டுக்கணக்காகப் பொருள்களை மாற்றி மாற்றிச் செய்தார். 1943-இல் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்ற இளைஞர் துணையோடு லிக்னோகெய்ன் கிடைத்தது. அந்த இளைஞர் தன் உடம்பிலேயே ஊசி குத்திச் சோதித்துக்கொண்டார். 1948-இல் அது சைலோகெய்ன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

சரி, வெள்ளையணுவுக்கு வருவோம். காயம் பட்டால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் ரத்தக் குழாயின் சுவரோரமாக உருண்டு வந்து, ஒட்டிக்கொண்டு, இடுக்கு வழியே வெளியேறிக் காயத்துக்குப் போகும். நல்ல காரியம்தான், கிருமியைக் கொல்லும். ஆனால் உசுப்பிவிடப்பட்ட வெள்ளையணு தெருநாய் மாதிரி. ஒருவன் கல்லெறிந்துவிட்டுப் போயிருப்பான். அடுத்து வரும் தபால்காரர் கடி வாங்குவார். பெரிய அறுவை சிகிச்சை என்பது அந்தக் கல். அதன்பின் சின்னத் தூண்டுதலுக்கும் அந்த வெள்ளையணு, கிருமியைக் கொல்லும் தன் நச்சை அளவுக்கு மீறிக் கொட்டி, நல்ல திசுவையும் புண்ணாக்கும். லிக்னோகெய்ன் முக்கியமாக அந்த உசுப்பலைத்தான் குறைக்கிறது. சுவரில் ஒட்டுவதும் குறைகிறது. நாயைக் கொல்வதில்லை, கல்லெறிதலைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு வியப்பு, அளவுதான். பல் ஊசியில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் மருந்து. நரம்பை அடைக்க அவ்வளவு வேண்டும். நாளம் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றும்போது, ஒரு மில்லி ரத்தத்தில் சில மைக்ரோகிராம்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு! அதற்கே, சில மணி நேரம் மருந்தோடு சேர்ந்து இருந்தால், வெள்ளையணு அடங்குகிறது. நரம்பில் அது அடைப்பது சோடியம் நுழையும் வாசலை. வெள்ளையணுவிலோ, உள்ளே செய்தி கடத்தும் ஒரு புரதத்தைத் தடுக்கிறது. மறுபடியும் சொல்கிறேன்: மருந்து ஒன்று, வாசல் வேறு.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். குடல் அறுவை சிகிச்சையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். வயிற்றைத் திறந்தபின் குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். காலையில் நாங்கள் வந்து கேட்கும் முதல் கேள்வி, "காற்று பிரிந்ததா?" வீக்கத்தைத் தணிக்கும் இந்த மருந்து குடலைச் சீக்கிரம் எழுப்பும் என்று சிறு ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 2024-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், லேப்ராஸ்கோப்பி போன்ற சிறு துளை வழியாகப் பெருங்குடல் சிகிச்சை செய்துகொண்ட ஏறத்தாழ 590 பேரில், அந்தப் பலன் தெரியவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். அளவு மிஞ்சினால் காதில் இரைச்சல், வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு எல்லாம் வரும். எனவே நாளத்தில் ஏற்றுவது கண்காணிப்புக் கருவிகளோடு மட்டுமே.

சீழ் கட்டிய பல்லில் ஏன் ஊசி சரியாக மரப்பதில்லை என்று முன்பே ஒரு நேயர் கேட்டிருந்தார். அங்கே அமிலம் அதிகம், மருந்து நரம்புக்குள் நுழையத் திணறும். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.