தலையைப் பாத்து கலப்பினம் சொல்லேலாது

எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்கு டாப்னியா, அதுதான் தண்ணித்தெள்ளு. கிட்டத்து இனங்கள் ரெண்டு கலந்து வந்ததை எப்பிடிப் பிடிக்கிறது எண்டு பாப்பம். உதாரணத்துக்கு ஐரோப்பிய ஏரிகளில இருக்கிற கலியாட்டா, குக்குல்லாட்டா, லொஞ்சிஸ்பைனா. மூண்டும் தங்களுக்குள்ள கலக்கும்.

முதல்ல நுணுக்குக்காட்டி. பெரிய கண்ணுக்குக் கிட்ட ஒரு சின்னக் கரும்புள்ளி, சிறுகண், இருக்கோ எண்டு வடிவாப் பாருங்கோ. குக்குல்லாட்டாவில அது இராது, மற்ற ரெண்டிலயும் இருக்கும். தலைக்கவசத்தை மட்டும் நம்பாதேங்கோ. தின்ன வாற உயிரின்ர வாடை தண்ணியில கலந்தாலே, இல்லாட்டி தண்ணி சூடானாலே, அதே தாயின்ர பிள்ளையளுக்குத் தலை கூராகிடும். கனபேர் வழுக்கிறது இதிலதான்.

அதால டிஎன்ஏக்குப் போகத்தான் வேணும். பிடிச்சதை 95 வீத எதனோலில போடுங்கோ, அடுத்தநாள் எதனோலை மாத்துங்கோ. வலையோட வந்த தண்ணி அதை ஐதாக்கிப்போடும். ஃபோமலின் வேண்டாம், டிஎன்ஏ துண்டாகும்.

ஒரு குழாய்க்கு ஒரு தெள்ளு. முதுகில சேணம் மாதிரிக் கறுத்த கூடு, எஃபிப்பியம், இருந்தா கழட்டிப்போட்டுத்தான் எடுக்கோணும். உள்ள இருக்கிற முட்டையில தகப்பன்ர பங்கும் இருக்கலாம். சாதாரண முட்டை பரவாயில்லை, அது தாயின்ர நகல்தான். 25 மில்லிமோலர் சோடியம் ஐதரொட்சைட்டு, 0.2 மில்லிமோலர் ஈடிடிஏ சேந்த கரைசலில 50 மைக்ரோலீற்றர் விட்டு, 95 பாகையில 30 நிமிசம் வைச்சு, ஆறினாப்பிறகு 40 மில்லிமோலர் டிரிஸ் அமிலக் கரைசல் அதேயளவு விடுங்கோ. இனி பி.சி.ஆர், அதாவது வேண்டிய டிஎன்ஏத் துண்டைப் பிரதியெடுத்துப் பெருக்கிறது.

இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டிஎன்ஏ தாய் ஆரெண்டு மட்டும்தான் சொல்லும். உயிரணுவின்ர கருவில இருக்கிற ஐடிஎஸ் எண்ட டிஎன்ஏப் பகுதியையும் சேத்துப் பாக்கிறது வழக்கம். ஆனா அது கனக்கப் பிரதி உள்ள பகுதி. காலப்போக்கில ஒரு பக்கத்துப் பிரதி மேலோங்கிப்போகும், கலப்பினம் சுத்த இனம் மாதிரித் தெரியும்.

அதால மைக்ரோசட்டலைட் (சின்ன எழுத்துக்கோவை திரும்பத்திரும்ப வாற டிஎன்ஏ இடம்) மாதிரித் தனித்தனி இடங்கள் கனக்க வேணும். முதல் தலைமுறைக் கலப்பு, இனம் பிரிக்கிற எல்லா இடத்திலயும் இதரநுகமா, அதாவது தாயிட்ட இருந்து ஒரு வடிவமும் தகப்பனிட்ட இருந்து வேற வடிவமுமா, இருக்கும். அது திரும்பத் தாய்தகப்பன் இனத்தோட சேந்து வந்த பிள்ளை ஒரு இடத்தில இதரநுகமா இருக்கப் பாதிக்குப் பாதி. 4 இடம் பாத்தா 16இல 1 இன்னும் ஏமாத்தும். 10 இடம் பாத்தா 1024இல 1தான். ஒரு எதிருரு, அதாவது அந்த ரெண்டு வடிவத்தில ஒண்டு, பி.சி.ஆரில பெருகாமல் விட்டா இதரநுகம் ஓரினநுகமா, ரெண்டும் ஒரே வடிவம் மாதிரி, தெரியும், அதையும் கவனியுங்கோ.

ஒரு தெள்ளில எந்த இனத்தின்ர பங்கு எவ்வளவு எண்டு கணிக்கிற ஸ்ட்ரக்சர் மென்பொருள் 0.5 எண்டு காட்டினவுடன முதல் தலைமுறை எண்டு எழுதிப்போடாதேங்கோ. ரெண்டாம் தலைமுறையும் சராசரியா அதைத்தான் காட்டும். நியூஹைபிரிட்ஸ் எண்ட மென்பொருள் சுத்த இனம், கலப்புத் தலைமுறை எண்டு ஆறு வகையாப் பிரிச்சுத் தரும்.

இன்னொண்டு, தெள்ளு ஆணில்லாமலே பெருகும். ஒரே மரபணுக்கோலத்தில முப்பது கிடைச்சா, கலப்பு முப்பது தரம் நடந்தது எண்டில்லை, ஒருக்கா நடந்து நகலெடுபட்டிருக்கும். எண்ணுறதுக்கு முதல் நகலுகளை ஒண்டாக்குங்கோ.

எங்கட பக்கத்துக் குளங்களில கனக்கக் கிடைக்கிறது டாப்னியா மாதிரியான வேற தெள்ளுகள், மொய்னாவும் செரியோடாப்னியாவும். செரியோடாப்னியா கொர்னுட்டாவில கொம்புள்ளதும் இருக்கு, கொம்பில்லாததும் இருக்கு. அதைப் பாத்து வேற இனம், கலப்பு எண்டு முடிவெடுக்கேலாது. ஐரோப்பிய டாப்னியாவுக்குச் செய்த பிறைமரை (பி.சி.ஆரைத் தொடக்கிவைக்கிற சின்ன டிஎன்ஏத் துண்டு) அப்பிடியே இதுக்குப் போட்டா வேலை செய்யாமலும் போகும். ஒவ்வொரு வடிவமும் தனிச்சுக் கிடைக்கிற குளங்களில இருந்து எடுத்து, எந்த இடம் உண்மையிலயே ரெண்டையும் பிரிக்குது எண்டு முதல்ல பாக்கோணும்.