கல்லோடு கல்லாக ஒரு கள்ளி

நேயர்களுக்கு வணக்கம். கள்ளிச் செடி வளர்ப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். முள் நிறைந்த வகைகளைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் முள்ளே இல்லாத ஒரு கள்ளியை எடுத்துக்கொள்கிறேன். அரியோகார்பஸ் ஃபிஸ்ஸுராட்டஸ் என்று பெயர். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, செடி வளர்ப்பவர்களே 'லிவிங் ராக்', அதாவது உயிருள்ள கல், என்றுதான் சொல்கிறார்கள்.

இதன் சொந்த ஊர் சிவாவா பாலைவனம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் பிக் பெண்ட் பகுதியிலும், ரியோ கிராண்டே ஆற்றுக்கு அக்கரையில் வடக்கு மெக்சிகோவிலும், சுண்ணாம்புக்கல் சரிவுகளில் இருக்கிறது. தரைமட்டத்துக்கு மேலே எழும்பாது. சாம்பல் கலந்த பச்சையில், வெடிப்பு விழுந்த முக்கோணத் துண்டுகள் வட்டமாக அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். நடுவில் கொஞ்சம் பஞ்சு. அவ்வளவுதான். பூக்காத நாளில் மிதித்துவிட்டுப் போனாலும் தெரியாது.

நாம் பார்ப்பது செடியின் மூடியை மட்டும்தான். கீழே முள்ளங்கி போலத் தடித்த வேர் இருக்கிறது. அந்த வேர் ஒரு வேலை செய்கிறது: சுருங்கிச் சுருங்கிச் செடியை மண்ணுக்குள் இழுக்கிறது. 2010-இல் அமெரிக்கத் தாவரவியல் இதழ் ஒன்றில் இதைப் பற்றிய ஆய்வு வந்தது. வருடத்துக்கு 6 முதல் 30 மில்லிமீட்டர் வரை செடி கீழே இறங்குகிறதாம். கடும் வெப்பத்தில் கல் கலந்த மண்ணில் பதிந்திருந்த செடிகள் பிழைத்தன, வெறும் மணலில் இருந்தவை பிழைக்கவில்லை. ஆக, இறங்கினால் மட்டும் போதாது, சுற்றிலும் கல்லும் வேண்டும்.

வளர்ப்பு முறையெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. இந்தச் செடியை வளர்ப்பதென்றால் வேரை வளர்ப்பது. அகலமான தட்டுத் தொட்டி அழகாக இருக்கும், ஆனால் உதவாது. ஆழமான தொட்டி வாங்குங்கள். கலவையில் முக்கால் பங்குக்கு மேல் கல்தான் இருக்க வேண்டும்: சலித்த பொடி ஜல்லி, உடைத்த செங்கல், பெருமணல், கிடைத்தால் பியூமிஸ் என்ற லேசான எரிமலைக் கல். மக்கு உரம் கைப்பிடி போதும். தென்னைநார்த் தூளைத் தொடவே வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செடியை வைத்த பிறகு மேலே சிறு கற்களைப் பரப்பிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் ஊருக்கும் இந்தச் செடிக்கும் ஒத்துப்போவதில்லை. அதன் ஊரில் வருடம் முழுவதும் பெய்வதே ஏறக்குறைய 250, 300 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி கோடையில். அப்புறம் இலையுதிர்காலத்தில், அக்டோபர், நவம்பர் வாக்கில் பூத்துவிட்டு ஓய்வுக்குப் போய்விடும். சென்னையிலோ அந்த மாதங்களில்தான் மழை கொட்டித் தீர்க்கும். அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டியைக் கூரைக்கு அடியில், காற்றும் வெளிச்சமும் வருகிற இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வெயில் காலத்தில் கலவை அடிவரை காய்ந்த பிறகு ஒரே தடவையாக நன்றாக ஊற்ற வேண்டும். தினமும் ஒரு டம்ளர் என்ற அன்பெல்லாம் இங்கே செல்லாது.

காய்ந்த மாதங்களில் செடி சுருங்கி, தொட்டி மண்ணுக்குள் இறங்கி, செத்துவிட்டது போல இருக்கும். பதறி உடனே ஊற்றாதீர்கள். கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருந்தால் நலம். கொழகொழவென்று உள்ளே போனால் அது அழுகல். வேரைத் தோண்டி, அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் நல்ல சதை தெரியும் வரை வெட்டி, நிழலில் நன்றாக உலரவிடுவதுதான் கடைசி முயற்சி. நடுப் பஞ்சில் மாவுப்பூச்சி ஒளிந்துகொள்ளும். ஸ்பிரிட்டில் தோய்த்த சின்ன பிரஷ்ஷால் பூச்சியை மட்டும் தொட்டு எடுங்கள். எண்ணெய்க் கரைசல் தெளித்தால் பஞ்சு ஒட்டிக் கறுத்துப்போகும்.

இந்தச் செடிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வடக்கு மெக்சிகோவின் தாராஹுமாரா மக்கள் இதைச் 'சுனாமி' (கடலில் வரும் சுனாமி அல்ல) என்று அழைத்ததாக, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பயணம் செய்த நார்வேக்காரர் காரல் லும்ஹோல்ட்ஸ் எழுதியிருக்கிறார். சுனாமி இருக்குமிடத்தில் கொள்ளைக்காரர்களின் கை ஓங்காது, உதவிக்கு அது படைவீரர்களையே அழைத்துவிடும் என்பது அவர்களின் நம்பிக்கையாம். இன்று பாருங்கள், கொள்ளை போவதே அதுதான். நாற்றிலிருந்து வளர்க்க வருடக்கணக்காகும் என்பதால் பாலைவனத்திலிருந்தே பெயர்த்து விற்கிறார்கள். டெக்சாஸில் அதிகாரிகள் இப்படித் திருடிய செடிகளை ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்திருக்கிறார்கள். 1992-இல் அரியோகார்பஸ் இனச் செடிகள் அத்தனையும், அழியும் நிலையில் உள்ள உயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. காட்டுச் செடியை நாடு விட்டு நாடு கொண்டுபோய் வியாபாரம் செய்யச் சட்டப்படி முடியாது. ஆகவே வாங்கும்போது கவனியுங்கள். தோலில் தழும்பும் காயமுமாக, வேர் மொட்டையாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழட்டுச் செடி மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். நர்சரியில் விதையிலிருந்து வந்த செடி சின்னதாக, சீராக, தழும்பில்லாமல் இருக்கும்.

என்னைக் கேட்டால் விதையே நல்லது. சலித்த கலவையைச் சூடாக்கி ஆறவைத்து, விதையை மேலே தூவி, மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வெளிச்சமான நிழலில் வையுங்கள். பொதுவாக ஓரிரு வாரத்தில் முளைக்கும். முதல் வருடம் முழுக்க அது பட்டாணி அளவைத் தாண்டினாலே பெரிது. பூ பார்க்க ஏழெட்டு வருடம், சில சமயம் பத்து. வேறு கள்ளித் தண்டில் ஒட்டுக்கட்டினால் சீக்கிரம் பூக்கும், ஆனால் செடி உப்பிப்போய், தரையோடு படியும் அந்த உருவமே மாறிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை.

பூ இளஞ்சிவப்பு. நடுப்பகலில் நடுப் பஞ்சிலிருந்து விரியும், சில நாள் நிற்கும். தன் மகரந்தம் பெரும்பாலும் தனக்குச் சேராது. அதனால் இரண்டு செடி ஒரே சமயம் பூத்தால் ஒரு மெல்லிய பிரஷ்ஷால் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் தடவிவிடுங்கள். பிறகு காயைக் காணோமே என்று தேடாதீர்கள். அது பஞ்சுக்குள்ளேயே பழுத்துக் காய்ந்துவிடும். சில மாதம் கழித்துச் சின்ன இடுக்கியால் பஞ்சை விலக்கிப் பார்த்தால் கறுப்பு விதைகள் அங்கேதான் இருக்கும். வணக்கம்.