வாடிய பூவுக்குள் ஒரு தூக்கம்

[காட்சி: காலை வெயில். சாலையோரச் செடியில் சுருங்கிப்போன ஒரு மஞ்சள் பூ.]

இந்தப் பூவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நேற்று சாயங்காலம் விரிந்தது, இப்போது வாடிவிட்டது. அதன் வாயோரம் நீட்டிக்கொண்டிருக்கிற மஞ்சள் நுனி இதழ் இல்லை, இறக்கை. உள்ளே தலையை விட்டுக்கொண்டு ஒரு அந்துப்பூச்சி தூங்குகிறது.

[காட்சி: பூச்சி மெல்ல வெளியே வருகிறது.]

என்ன அழகு! முன்னிறக்கை முழுக்க ரோஜா நிறம், ஓரத்தில் மட்டும் மஞ்சள். அந்த ஓரம்தான் பகலில் வெளியே தெரியும், அதுவும் இதழாகவே தெரியும். பெயர் ஸ்கினியா ஃப்ளோரிடா. வட அமெரிக்காவைச் சேர்ந்தது. இறக்கையை விரித்தால் சுமார் 3 சென்டிமீட்டர்.

செடியின் பெயர் ஈவினிங் பிரிம்ரோஸ். நம் வீட்டு அந்திமந்தாரை மாதிரி பொழுது சாயும்போது மலரும். இரண்டுக்கும் உறவில்லை, பழக்கம்தான் ஒன்று. மொட்டு அவிழ்வதை நின்று பார்க்கலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. முதல் வருடம் இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். இரண்டாம் வருடம் தண்டு ஆளுயரத்துக்கு எழுந்து, பூத்துக் காய்த்து, மடிந்துவிடும்.

[காட்சி: இரவு. மொட்டின் மேல் பூச்சி.]

இரவில் பூச்சி இங்கேதான் தேன் குடிக்கும், மொட்டில் முட்டையிடும். பொரிந்து வரும் புழுவுக்கு மொட்டு, பூ, காய்க்குள் இருக்கும் இளம் விதை எல்லாமே சாப்பாடு. அப்புறம் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். பனிக்காலம் முழுவதும் அங்கேதான். அடுத்த கோடையில் செடி பூக்கிற சமயத்தில் வெளியே வரும். வருடத்துக்கு ஒரே தலைமுறை.

துவரையோ பருத்தியோ பயிரிட்டவர்களுக்குப் பச்சைக் காய்ப்புழுவைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அதுவும் இதுவும் ஹீலியோதினே என்கிற ஒரே துணைக்குடும்பம். மொட்டையும் காயையும் குடைந்து தின்கிற குணமும் ஒன்றுதான். ஆனால் காய்ப்புழு தக்காளி, கொண்டைக்கடலை, சோளம் என்று எதிலும் பிழைத்துக்கொள்ளும். இதற்கோ இந்தச் செடியை விட்டால் அதன் நெருங்கிய சொந்தங்கள் மட்டும்தான். களை என்று நினைத்துப் பூக்கும் முன்பே வெட்டிவிட்டால், முட்டையிட அங்கே மொட்டே இருக்காது.

[காட்சி: வரிசையாக வாடிய பூக்கள்.]

டொராண்டோ, நியூ ஜெர்சி பக்கம் இருப்பவர்களே, ஜூலை மாதக் காலையில் இந்தச் செடியைக் கண்டால் வாடிய பூக்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பறிக்க வேண்டாம். மஞ்சள் நுனி தெரிகிறதா என்று குனிந்து பார்த்தால் போதும்.