“என்கிற” பிச்சை

நேயர்களுக்கு வணக்கம்.

பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கும்பகோணம் பக்கம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து கிரையம், அடமானம், பாகப்பிரிவினை என்று எழுதித் தள்ளியவன். பழைய பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால் மற்றவர்கள் நிலம் எத்தனை மா, எத்தனை வேலி என்று பார்ப்பார்கள். நான் பெயரைப் பார்ப்பேன். சொந்தக் குடும்பத்தின் முன்னோர்களைத் தேட ஆரம்பித்த பிறகு இது முற்றிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

எங்கள் வீட்டுப் பத்திரம் ஒன்றைச் சொல்கிறேன். தஞ்சாவூர் ஜில்லா, கும்பகோணம் தாலுக்கா என்று ஆரம்பித்து, “சுப்பிரமணியன் என்கிற பிச்சை எழுதிக்கொடுத்த சுத்தக் கிரைய சாசனம்” என்று போகிறது. கடைசியில் இடது பெருவிரல் ரேகை. ரேகைக்குப் பக்கத்தில் எழுத்தர் “பிச்சை” என்று மட்டும் எழுதியிருக்கிறார். சுப்பிரமணியனைக் காணோம். இவர் என் தாத்தாவின் அப்பா. விற்பதற்கே நன்செய் வைத்திருந்த மனிதர். அவருக்கு எதற்குப் பிச்சை என்று பெயர்?

என் அத்தைப்பாட்டிக்குத் தெரிந்திருந்தது. என் கொள்ளுத்தாத்தாவான அந்தப் பிச்சைக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. ஊரில் அப்படித்தானே சொல்வார்கள், செத்துப்போயின என்று வாயால் சொல்லமாட்டார்கள், “தங்கவில்லை” என்பார்கள். இவர் வயிற்றில் இருக்கும்போது அவர் அம்மா வைத்தீஸ்வரன்கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, முந்தானையை ஏந்தி வீடு வீடாக மடிப்பிச்சை எடுத்திருக்கிறார். நிலம் நீச்சு உள்ள வீட்டு மருமகள், சொந்தத் தெருவிலேயே. கிடைத்ததைக் கொண்டுபோய்க் கோயிலில் செலுத்தினார். பிள்ளை தங்கிற்று. பெயர் பிச்சை.

இதைக் கேட்ட பிறகு எந்தப் பத்திரத்தைப் பார்த்தாலும் எனக்கு இந்தப் பெயர்களாகவே கண்ணில் பட்டன. குப்பு, குப்புசாமி, குப்பம்மாள். பிறந்த குழந்தையை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை மாதிரி எடுத்து வந்து பெற்றவளிடம் கொடுப்பாள். தவிட்டான் என்றால், உறவுக்காரி ஒருத்தி ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்கியிருக்கிறாள் என்று கணக்கு. ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்திவிட்டால் மூக்கன். இது ஒன்றுக்கும் உதவாத பிள்ளை, இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று எமனை நம்பவைக்கிற ஏற்பாடு.

மூதாதையரைத் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் ஒரு குப்புசாமியோ பிச்சையோ இருந்தால், அவருக்கு மேலே சில குழந்தைகள் இருந்திருக்கக்கூடும். பெயர் வைப்பதற்குள் போனவை. எந்தப் பதிவேட்டிலும் அவை பெயரோடு கிடைக்கமாட்டா. பிழைத்த பிள்ளையின் பெயரில்தான் இருக்கின்றன. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அழகான பெயர்களைவிட இந்த அழகில்லாத பெயர்கள்தான் குடும்பக் கதையை வைத்திருக்கின்றன. குப்புசாமி என்பது தாத்தா பெயர் பேரனுக்கு என்று வரிசையாக வந்ததாகவும் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வரிசையில் முதல் குப்புசாமி ஒருவர் இருந்திருப்பார் இல்லையா?

பெண் பெயர்கள் வேறு விதம். போதும்பொண்ணு, வேண்டாம் என்றெல்லாம் வைத்திருக்கிறார்கள். இதையும் குப்பம்மாளையும் ஒரே பட்டியலில் போட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. குப்பம்மாளை எமனிடமிருந்து மறைத்தார்கள். போதும்பொண்ணிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொன்னார்கள், அவள் ஆயுசு முழுக்க அந்தப் பெயருக்கு “என்னங்க” என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். சில வீடுகளில் கொஞ்சம் நாகரிகமாக மங்களம் என்று வைத்தார்கள். கச்சேரி முடிகிறபோது பாடுவது மங்களம்தானே. எங்கள் உறவில் ஒரு மங்களத்துக்குப் பிறகும் கச்சேரி நடந்திருக்கிறது, அது வேறு விஷயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. அப்புறம் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? துரை, ராசா, தம்பி. ஊரே அப்படிக் கூப்பிட்டுப் பட்டாவிலும் துரை ஏறிவிடும். ஒரே ஆள் இரண்டு காகிதத்தில் இரண்டு ஆளாக நிற்பார். “என்கிற” என்று ஒரு எழுத்தர் பொறுப்பாக எழுதியிருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள்.

சாமி பெயர்களுக்கு வருகிறேன். தையல்நாயகி என்றால் வைத்தீஸ்வரன்கோயில், அபயாம்பாள் மாயவரம், நீலாயதாட்சி நாகப்பட்டினம், செங்கமலம் மன்னார்குடி, சௌரிராஜன் திருக்கண்ணபுரம், ஐயாறப்பன் திருவையாறு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனவர்களின் வம்சத்தார் கையில் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைத் தேடி வருகிறார்கள். பாட்டி பெயர் அபயாம்பாள் என்றால் மாயவரத்தைச் சுற்றி ஆரம்பிக்கலாம். ஆனால் பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில். எனவே அந்தப் பெயர் அப்பா ஊரைவிட அம்மா ஊரைக் காட்டவும் வாய்ப்புண்டு.

இது இன்று நேற்றுப் பழக்கமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கான ஆடல் பெண்களின், பெயர்கள் இருக்கின்றன. எந்தத் தெருவில் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று முகவரியோடு. ஆளுக்கு 100 கலம் நெல். அதில் ஒரு பெண்ணின் பெயர் எடுத்தபாதம். நடராஜர் தூக்கிய கால்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி அந்தப் பெயரோடு தஞ்சாவூரில் குடியிருந்திருக்கிறாள். வாசலில் நின்று தோழிகள் எப்படிச் சுருக்கிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

நேரம் ஆகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சவரிமுத்து, சூசை, இன்னாசி, வியாகுலம் என்று கிறிஸ்தவக் குடும்பங்களின் பெயர்களுக்குத் தனியாகவே ஒரு உரை வேண்டும். வேளாங்கண்ணி என்றே பெயருள்ளவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். கீழத்தஞ்சையில் செங்கொடி பறந்த ஊர்களில் லெனினும் குருசேவும் இன்றைக்கும் வயல் பார்க்கிறார்கள். அப்புறம் தனித்தமிழுக்குப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள். நாகப்பட்டினத்தில் பிறந்த வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பார்த்து மாற்றிக்கொண்ட சாதாரணக் குடும்பங்கள் நிறைய. அங்கே வம்சப் பட்டியல் அறுந்த மாதிரி தெரியும், அறுந்திருக்காது.

தேடுகிறவர்களுக்கு அவசரமாக ஒன்று. தர்ப்பணம் செய்கிற வீடுகளில் அப்பா வழியும் அம்மா வழியும் மூன்று தலைமுறைப் பெயர் மனப்பாடமாக இருக்கும். அது சடங்குக்குச் சொல்கிற பெயர், பத்திரத்தில் வேறு பெயர் இருக்கலாம். பதிவு அலுவலகத்தில் ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை என்று தனித்தனியாக உண்டு. பெயரில் கிடைக்காவிட்டால் வீட்டில் கூப்பிட்ட பெயரைப் போட்டுப் பாருங்கள், அதிலும் இல்லையென்றால் சொத்து அட்டவணைக்குப் போங்கள். தேடிப் பார்ப்பதற்கான மனுவைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். வணக்கம்.