டிரெய்லருக்குப் புது ஆக்ஸில், புது பிரேக்

நேயர்களுக்கு வணக்கம்.

கொலராடோவில் இன்டர்ஸ்டேட் 70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல். அதைத் தாண்டி மேற்கே போனால் சில்வர்தோர்ன் வரைக்கும் ஏறக்குறைய 8 மைல் ஒரே இறக்கம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளைக்கல் கொட்டிய மேட்டுப்பாதைகள் வழியில் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் நான் அந்த மேட்டுப்பாதை எங்கே என்று தேடிக்கொண்டே இறங்கினேன்.

முன்னால் பிக்கப் வண்டி, பின்னால் எங்கள் டிராவல் டிரெய்லர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சமையலறை, கட்டில், கழிவறை எல்லாம் உள்ள சின்ன வீடு, அடியில் நான்கு சக்கரம். என்ஜின் கிடையாது, நாம் இழுத்துப் போக வேண்டும். பாதி இறக்கத்தில் வீட்டம்மா, "ஏனுங்க, என்னமோ கருகற வாசம் வருதுங்க" என்றார். பிரேக்கை மிதித்தால் பிக்கப் நிற்கப் பார்க்கிறது, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளுகிறது. கியரைக் குறைத்து மெல்ல இறங்காதது என் தப்புதான். எப்படியோ கீழே வந்து சேர்ந்தோம்.

டிரெய்லரில் இருப்பது டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம் டிரம், உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிப்பது ஷூ, ஷூ மேல் ஒட்டிய உராய்வுப் பட்டை லைனிங். சூடேறினால் டிரம் விரியும். உள்ளே இருக்கும் ஷூ அதை எட்டிப் பிடிக்க இன்னும் தூரம் போக வேண்டும், பிடித்தாலும் லைனிங் வழுக்கும். கோயம்புத்தூரில் பம்ப் பட்டறையில் பத்து வருடம் இரும்போடு பழகியவன் நான், இது தெரியாதது இல்லை. அந்த பிரேக்கின் அளவு எவ்வளவு சின்னது என்பதைத்தான் பார்க்காமல் விட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து டயரைப் பார்த்தால் பின் ஆக்ஸிலில், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சுக் குழாயில், இரண்டு டயரும் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து மழமழவென்று இருந்தது. ஒரு கடையில், புது டயர் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். போட்டேன். அடுத்த வருடம் அதுவும் அப்படியே தேய்ந்தது. ஆக்ஸில் குழாய் வளைந்திருக்கிறது, டயர் என்ன செய்யும்?

அப்புறம்தான் லாரிகள் எடை போடும் நிலையத்துக்கு டிரெய்லரைக் கொண்டுபோனேன். என் டிரெய்லரின் ஸ்டிக்கரில் மொத்த எடை 7,600 பவுண்டு வரை போகலாம் என்று இருக்கும். ஆனால் அடியில் இருப்பதோ ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும் இரண்டு ஆக்ஸில். கூட்டினால் 7,000. மீதி 600 பவுண்டு முன்னால் பிக்கப்பின் கொக்கியில் உட்காரும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. கணக்கில் பிழை இல்லை, மிச்சம் வைக்காத கணக்கு, அவ்வளவுதான். எடைத்தட்டில் எங்கள் ஆக்ஸில் இரண்டின் மேலும் சேர்ந்து 6,840 பவுண்டு. நாங்கள் ஏற்றியது மயிலிறகும் இல்லை: 40 கேலன் தண்ணீரே 330 பவுண்டு. அரிசி மூட்டையையும், மாவாட்டும் கிரைண்டரையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் சமையலறை ஒரே பக்கம் என்பதால் அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் மேல் இன்னும் கூடுதல் சுமை. பள்ளத்தில் ஒருமுறை விழுந்தாலே போதும், ஆக்ஸில் வளைந்துவிடும்.

சரி, 5,200 பவுண்டு ஆக்ஸில் இரண்டு வாங்கினேன். குழாய் 2⅜ அங்குலத்திலிருந்து 3 அங்குலமாகிறது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியம் அதோடு வரும் பிரேக். பழைய டிரம் 10 அங்குலம், புதியது 12. ஷூவின் அகலம் கால் அங்குலம் குறைவுதான், இருந்தாலும் விட்டம் பெரிதாவதால் பிடிமானம் கூடுகிறது, சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பும் அதிகம். டிஸ்க் பிரேக் இன்னும் நல்லதுதான். அதற்குத் தனிப் பம்ப், எண்ணெய்க் குழாய் எல்லாம் வேண்டும், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வாங்கும் முன் இரண்டு அளவு எடுக்க வேண்டும்: சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து எதிர் முகம் வரை ஒன்று, ஸ்பிரிங் நடுவிலிருந்து எதிர் ஸ்பிரிங் நடு வரை ஒன்று. ஆக்ஸில் லேசாக வில் போல மேல்நோக்கி வளைந்திருக்கும், அதைத் தலைகீழாக மாட்டிவிடக் கூடாது. ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யூ-போல்ட்டைப் பழையது போட்டு மிச்சம் பிடிக்கக் கூடாது. ஸ்பிரிங்கைச் சுமைக்குத் தக்கபடி வாங்க வேண்டும். ரொம்பக் கெட்டியாகப் போட்டால் டிரெய்லர் குதித்துக் குதித்து அலமாரிக் கதவெல்லாம் கழன்றுவிடும்.

இவ்வளவும் பார்த்த நான் ஒன்றைக் கோட்டைவிட்டேன். பழைய சக்கரம் ஐந்து போல்ட், புதியது ஆறு. நான்கு ரிம்மும் புதிதாக வாங்கி மாட்டி நிமிர்ந்தால், பின்னால் தொங்கும் ஸ்டெப்னியில் ஐந்து ஓட்டை. பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இந்த பிரேக்கில் எண்ணெய் கிடையாது, மின்சாரம்தான். டிரம்முக்குள் உள்ளங்கை அளவு மின்காந்தம் ஒன்று கம்பியின் நுனியில் இருக்கும். கரண்ட் பாய்ந்ததும், ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்பவனைப் போல, சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். டிரம் அதை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும், அந்த இழுப்பில் கம்பி திரும்பி ஷூக்களை வெளியே தள்ளும். எனவே ஒயர் மெலிந்தால் பிரேக்கும் மெலியும். காந்தம் ஒன்றுக்கு சுமார் 3 ஆம்பியர், நான்குக்கு 12. என் பழைய ஒயரில் 8 தான் காட்டியது. ஆக்ஸிலின் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும் ஒயர் குழாய்க்குள்ளேயே உரசி உரசித் தோல் போயிருந்தது. பெரிய பிரேக் வாங்கிப் பழைய ஒயரில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது பெரிய குழாயைக் கட்டிவிட்டுச் சொட்டு நீர் விடுகிற வேலை. நான் தடித்த ஒயரைக் குழாய்க்கு வெளியே இழுத்துக் கட்டினேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஆக்ஸிலை மாற்றியதால் ஸ்டிக்கரில் இருக்கும் 7,600 மாறவில்லை. சேஸிஸ் என்ற அடிச்சட்டமும் கொக்கியும் பழையவைதானே. கூடுதலாக ஒரு மூட்டை ஏற்றும் உரிமை இதில் கிடைக்காது. வீட்டில் கிரைண்டரை இறக்கச் சொல்லி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

புது ஷூ டிரம்மோடு பழக வேண்டும். காலி ரோட்டில் 40 மைல் வேகத்திலிருந்து 20க்கு இறக்கி, ஆறவிட்டு, மறுபடியும் என்று இருபது முப்பது தடவை. சக்கர நட்டுகளை 10, 25, 50 மைலில் மறுபடி இறுக்கினேன். அப்புறம் அதே சுரங்கப்பாதை, அதே இறக்கம். இந்த முறை கியரைக் குறைத்து, இடைவெளி விட்டு மிதித்து இறங்கினேன். வாசம் இல்லை, பின்னாலிருந்து தள்ளல் இல்லை. சில்வர்தோர்னில் நிறுத்தி, தொடாமலே சூடு பார்க்கும் கருவியை ஒவ்வொரு டிரம்மாகக் காட்டினேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே சூடு. இடது பின்சக்கரம் மட்டும் வெயிலில் நின்ற இரும்பு அளவுக்குத்தான் சுட்டது.

கீழே படுத்துப் பார்த்தால், நான் நசுக்கிப் பொருத்திய ஒரு ஒயர் இணைப்பு கையோடு வந்துவிட்டது. மூன்று சக்கரத்தில்தான் அந்த மலையை இறங்கியிருக்கிறேன். அங்கேயே புது இணைப்பு போட்டு, வீட்டுக்கு வந்து நான்கையும் சால்டர் செய்து ரப்பர் உறை மாட்டினேன்.

வணக்கம்.