காலையில் முதல் மூன்று விநாடி

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் கார் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணினா ரெண்டு மூணு செகண்டு கடகடன்னு சத்தம், அப்புறம் நின்னுடுது. ஓட்டலாமா?"

பட்டறை வரைக்கும் ஓட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நம் ஊரில் கார் வைத்திருக்க சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். சின்ன கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ-க்கு வரம்பு 1600 சிசி, 97 கிலோவாட். அதற்குள் அடங்கிக்கொண்டு நல்ல இழுவையும் தருவதால், நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போ என்ஜின்கள் இங்கே நிறைய ஓடுகின்றன. ஃபோக்ஸ்வாகனின் பழைய 1.4 டிஎஸ்ஐ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 1390 சிசி, 90 கிலோவாட், 1500 சுற்றிலேயே 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அருமையான வடிவமைப்பு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அதன் டைமிங் செயின், அதாவது பிஸ்டனின் ஓட்டத்தோடு வால்வுகள் திறந்து மூடுவதை இணைக்கும் சங்கிலி, தளர்வது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. அடுத்த தலைமுறை 1.4 என்ஜினில் செயினை எடுத்துவிட்டு பெல்ட் போட்டார்கள்.

செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க வண்டி நின்றால் அழுத்தம் இறங்கிவிடும். செயின் நீண்டுபோயிருந்தால், ஆயில் ஏறும்வரை தொய்ந்து அடிக்கும். அதுதான் அந்தக் கடகட. ஒருநாள் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு என்ஜினையே பிரிக்க வேண்டியதுதான்.

செயின் ஏன் நீள்கிறது? பெரும்பாலும் ஆயில்தான். ஒரு வாடிக்கையாளர், பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கு மட்டும் வண்டி எடுப்பவர், "ஆயில் குறையவே இல்லை" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்தேன். அளவு ஏறியிருந்தது, பெட்ரோல் வாடை அடித்தது. என்ஜின் சூடாகும் முன்பே பயணம் முடிந்துவிடுவதால், எரியாத பெட்ரோல் கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. கரியும் சேர்கிறது. அந்த ஆயில் செயினைக் காப்பாற்றாது. கையேட்டில் 15,000 கிலோமீட்டர் என்று இருந்தாலும், குறுகிய தூரம் ஓட்டுபவர்கள் அதில் பாதியிலேயே மாற்றுங்கள். கையேடு கேட்கும் தர எண் டப்பாவின் மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, வால்வில் படியும் கரி. பழைய முறையில் பெட்ரோல், காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வின் முதுகில் விழுந்து கழுவிவிடும். நேரடியாகப் பீய்ச்சும் என்ஜினில் அந்த வால்வு பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை. ஆயில் ஆவி அங்கே படிந்து கருகிவிடுகிறது. காலையில் நடுக்கம், அழுத்தினால் தயக்கம் என்று தெரியும். டேங்க்கில் ஊற்றும் மருந்து அந்த இடத்துக்குப் போகவே போகாது, காசை வீணாக்காதீர்கள். காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றி, அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் போதும். டொயோட்டா தன் டி-4எஸ் என்ஜின்களில் சிலிண்டருக்கு வெளியே, வால்வுக்கு முன்னாலும் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் வைத்திருப்பதால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

சத்தத்தைக் காட்ட வருகிறவர்கள், முதல் நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். காலையில் ஓட்டிக்கொண்டு வந்தால் என்ஜின் சூடாகியிருக்கும், எனக்கு ஒன்றும் கேட்காது.