ரோமாபுரியில் தண்ணீர் குடித்த கதை

(எங்கள் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இத்தனை அலுவல்களுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் புலவர் ஐயா அவர்களே, இந்தக் கூடத்தை மாதாமாதம் வாடகை வாங்காமல் தந்து உதவும் அரிசிக்கடை அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து, நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் திருத்தத் தயாராக இருக்கும் என் துணைவியார் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய புலவர் ஐயா யவனர்களைப் பற்றிப் பேசிவிட்டார். கரூர்ப் பக்கம் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பற்றியும் சொல்லிவிட்டார். நான் வைத்திருந்த நல்ல சரக்கில் பாதி போயிற்று. பரவாயில்லை. நானும் என் வீட்டுக்காரியும் ரோமில் சுற்றிய கதையைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று செய்திகளாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று கட்டடம், இரண்டு தண்ணீர், மூன்று சாப்பாடு.

கட்டடத்தை முதலில் முடித்துவிடுவோம். கொலோசியத்தைப் படத்தில் பார்க்காதவர்கள் இங்கே இருக்க முடியாது. 80-ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் டைட்டஸ் திறந்துவைத்த அரங்கம். சுமார் ஐம்பதாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். எதை? மனிதனும் மிருகமும் சாவதை. எனக்கு அந்த இடத்தில் மனம் ஒட்டவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளிச்சுவரின் வளைவுகளுக்கு மேலே எண்கள் செதுக்கியிருக்கிறார்கள், ரோமன் எண்கள். எந்தச் சீட்டுக்காரர் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பதற்காக. மிச்சமிருக்கும் சுவரில் இன்றைக்கும் வாசிக்கலாம். நம் திருவிழாக்களில் நெரிசலைப் பார்த்தவர்கள் அந்த எண்களுக்குக் கீழே ஒரு நிமிடம் நிற்பது நல்லது.

பாந்தியோன் என்கிற பழைய கோயிலுக்குப் போனோம். பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் கட்டடம், ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் வயது. 43 மீட்டர் அகலத்துக்கு ஒரே குவிமாடம், உள்ளே ஒரு கம்பிகூட இல்லாத கான்கிரீட். அந்த வகையில் உலகத்திலேயே பெரியது இன்றும் அதுதான். உச்சியில் வட்டமாகத் திறந்து விட்டிருக்கிறார்கள், கண்ணாடி எல்லாம் கிடையாது. வெயில் வந்தால் வெயில், மழை வந்தால் மழை. எல்லாரும் அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்?" பெண்கள் கேட்கிற கேள்வி இதுதான். குனிந்து பார்த்தால், தரை நடுவில் லேசாக மேடு தட்டி இருக்கிறது. பளிங்கில் அங்கங்கே சின்னச் சின்னத் துளைகள். விழுகிற மழை சரிந்து துளை வழியே போய்விடுகிறது. இரண்டாம் நூற்றாண்டில் கட்டியவன் மழைநீர் போக வழி வைத்திருக்கிறான். நம்மூர்ப் பேருந்து நிலையத்தின் புதுக் கட்டடத்தில்... சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். அம்மையார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்போது தண்ணீர். எங்கள் பாட்டி ஒரு பழமொழி சொல்வாள்: தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே. நான் பேசுகிற கூட்டங்களுக்கு வாடிக்கையாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், தெரியும். மறுபடியும் சொல்வேன்.

கொலோசியத்திலிருந்து வெளியே வருகிறோம். கோடை வெயில், நம் சித்திரைக்குக் குறைவில்லை. கையில் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. தள்ளுவண்டிக்காரரிடம் அரை லிட்டர் பாட்டில் கேட்டால் இரண்டு யூரோ என்கிறார். என் மனைவிக்கு யூரோவெல்லாம் கிடையாது. காதில் விழும்போதே ரூபாயாக மாறிவிடும். "இருநூறு ரூபாயா! அரை லிட்டருக்கா!" என்று பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டாள். ஆனால் தாகம் தாகம்தானே?

நாலு தப்படி தள்ளித் தெருவோரத்தில் ஒரு வார்ப்பிரும்புத் தூண் நிற்கிறது. நம் பழைய தபால்பெட்டி மாதிரி உருண்டையாக, நெஞ்சளவு உயரம். அதிலிருந்து யானைத்தந்தம் போல... வேண்டாம், ஒரு உவமை போதும், வளைந்த குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. திருகு இல்லை. மூட வழியே இல்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். "தெருக்குழாய்த் தண்ணியக் குடிச்சு வயித்தால போச்சுன்னா, யாருங்க இந்த ஊர்ல பாப்பாங்க?" நியாயமான கவலை.

அப்போது ஒரு பாட்டி வந்தார். எண்பது வயது இருக்கும். கையில் ஒரு குட்டி நாய், தோளில் காய்கறிப் பை. முதலில் நாய்க்குக் காட்டினார். கீழே வழிகிற தண்ணீரை அது நக்கிக் குடித்தது. அப்புறம் எங்களைப் பார்த்து, "பேவா, பேவா" என்றார். குடிங்க, குடிங்க. என் மனைவி நம்பாமல், "குடிக்கலாமா பாட்டி?" என்று தமிழிலேயே கேட்டாள். பாட்டிக்கு அது புரிந்த மாதிரிதான் இருந்தது. குழாயின் வாயை ஆள்காட்டி விரலால் அடைத்தார். குழாயின் மேல்வளைவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. நாங்கள் கவனிக்கவே இல்லை. தண்ணீர் அதன் வழியே வில்லாக எழுந்து நேராகப் பாட்டியின் வாய்க்குப் போயிற்று. குனிய வேண்டாம், கை குவிக்க வேண்டாம், டம்ளர் வேண்டாம், எச்சில் படாது. பாட்டி வாயைத் துடைத்துக்கொண்டு, இப்போது நீ என்று கையைக் காட்டினார்.

என் மனைவி விரலை வைத்தாள். அழுத்தி வைத்துவிட்டாள் போலிருக்கிறது. தண்ணீர் அவள் வாய்க்கு வரவில்லை, அவள் தலைக்கு மேலே போயிற்று. பின்னால் யார் நின்றது? நான்தான். கண்ணாடி, சட்டை, கழுத்தில் தொங்கிய கேமரா எல்லாம் குளித்தாயிற்று. பாட்டி சிரித்த சிரிப்பில் நாயே குரைத்துவிட்டது. என் மனைவியும் சிரித்தாள். இதோ, இப்போதும் சிரிக்கிறாள். அப்புறம் இரண்டாம் தடவை பதமாக அடைத்து, வயிறு நிறையக் குடித்தாள். ஐஸ் போட்ட மாதிரி சில்லென்று இருந்தது. அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை ஒரு பாட்டில் வாங்கவில்லை. வாங்கினதையே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டோம்.

இந்தக் குழாயை நாசோனே என்கிறார்கள். 1874-இல் நிறுவத் தொடங்கியிருக்கிறார்கள். இப்போது ரோமில் ஏறத்தாழ 2,500 இருக்கின்றன. ராப்பகலாக ஓடினால் தண்ணீர் வீண்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேயும் கேட்டார்கள். 2017 வறட்சியில் பல குழாய்களை மூடவும் செய்தார்கள். ஆனால் நகரத்தின் பழைய நிலத்தடிக் குழாய்களில் கசிந்து போவதோடு ஒப்பிட்டால் இதில் போவது சொற்பம். ஓடிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் தேங்கிக் கெடுவதும் இல்லை.

ட்ரெவி நீரூற்றுக்கு எல்லாரையும் போல நாங்களும் போனோம். 1762-இல் முடிந்த வேலை. முதுகைக் காட்டி நின்று, வலது கையால் இடது தோளுக்கு மேலே காசு போட்டால் மறுபடியும் ரோமுக்கு வருவோமாம். விழுகிற காசு ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவுக்கும் மேல். அள்ளி ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள். வலப்பக்க ஓரத்தில் காதலர் குழாய் என்று சின்னதாக ஒன்று, இரண்டு நூல் தாரையாக ஊற்றுகிறது. ஜோடியாகக் குடித்தால் பிரிய மாட்டார்களாம். "இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இனிமேத்தான் குடிக்கணுமாக்கும்" என்றாள் இவள். ஆனாலும் குடித்தோம்.

ஆனால் எல்லாரும் காசைப் பார்க்கிறார்களே, மேலே பார்ப்பதில்லை. முகப்பில் ஒரு சிற்பப் பலகை இருக்கிறது. தாகத்தில் தவித்த படைவீரர்களுக்கு ஒரு சின்னப் பெண் ஊற்றைக் காட்டிய கதை அது. அந்த ஊற்றிலிருந்து அக்ரிப்பா என்ற ரோமானியத் தளபதி கி.மு. 19-இல் கால்வாய் கொண்டுவந்தார். இருபது கிலோமீட்டர் தூரம், பெரும்பகுதி நிலத்துக்கு அடியில். மொத்த வாட்டமும் நாலு மீட்டர்தான்! மோட்டார் கிடையாது, சரிவை மட்டும் நம்பி ஓடியிருக்கிறது. 537-இல் கோத்தியர்கள் என்கிற ஜெர்மானிய இனத்தார் ரோமை முற்றுகையிட்டு, தண்ணீர்க் கால்வாய்களை வெட்டிவிட்டார்கள். கோட்டையை இடித்தால்கூட ஊர் பிழைக்கும், தண்ணீரை வெட்டினால்? அந்த ஊரின் ஜனத்தொகை பிற்பாடு எப்படிச் சுருங்கிற்று என்பது வரலாறு. அக்ரிப்பாவின் கால்வாயை 1453-இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் பழுதுபார்த்தார். அதன் வழிவந்த நீர்தான் இன்றும் ட்ரெவியில்.

நவோனா சதுக்கத்தில் பெர்னினி என்ற சிற்பி செய்த நான்கு நதிகள் நீரூற்று, 1651. நதிக்கு ஒரு சிலை. நைல், டான்யூப், ரியோ டி லா பிளாட்டா, நான்காவது நம் கங்கை. ஆனால் ஆண்! கட்டுமஸ்தான ஆள், கையில் நீளத் துடுப்பு. "கங்கம்மாவுக்கு யாருங்க இப்படிப் பண்ணினது?" என்று என் மனைவிக்கு ஒரே கோபம். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள், இங்கே இரண்டையும் ஒரே கல்லில் முடித்துவிட்டார்கள் என்றேன்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபிரான்டினஸ் என்று ஒருவர், 97-ஆம் ஆண்டில் ரோமின் தண்ணீர் அதிகாரி. பெரிய படைத்தளபதியாக இருந்து வந்தவர். பதவிக்கு வந்ததும் குழாய் குழாயாக அளந்து கணக்கெடுத்தார். கணக்கு உதைத்தது. தோண்டிப் பார்த்தால், தண்ணீர்த் துறை ஆட்களே காசு வாங்கிக்கொண்டு திருட்டு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள்! கை தட்டாதீர்கள், நான் ரோமைத்தான் சொல்கிறேன். நம் தெருவில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களைச் சொல்லவில்லை. அந்தத் திருட்டுக் குழாய்களை எல்லாம் பிடுங்கினார். இந்தக் கால்வாய்களோடு ஒப்பிட்டால் எகிப்தின் பிரமிடு வெறும் சும்மா என்கிற மாதிரி எழுதியும் வைத்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

இப்போது நம்மூர். பேருந்து நிலையத்தில் காசு போட்டால் தண்ணீர் தரும் இயந்திரம் ஒன்று வந்தது. காசை வாங்கிக்கொள்ளும், தண்ணீர் தராது. கோடையில் கட்சிக்கொரு தண்ணீர்ப் பந்தல் திறக்கிறார்கள். முதல் நாள் தர்பூசணி, மோர், புகைப்படம். பத்தாம் நாள் பந்தல் இருக்கிறது, பானையும் இருக்கிறது, சங்கிலியில் கட்டிய டம்ளரும் இருக்கிறது; தண்ணீர் இல்லை. திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்தார், திருநாவுக்கரசர் பெயரில். தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மணி வெயிலில் அரசுப் பள்ளிப் பிள்ளை இருபது ரூபாய்க்குப் பாட்டில் வாங்க முடியாமல் வீடுவரை நாக்கு வறண்டு போகிறது. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்று பழமொழி மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நான் கேட்பது 2,500 குழாய் இல்லை. பேருந்து நிலையத்தில் இரண்டு, மார்க்கெட்டில் ஒன்று, பெண்கள் பள்ளி வாசலில் ஒன்று. சுத்திகரித்த தண்ணீர், காசு வாங்காத குழாய், வாரம் ஒருமுறை தொட்டி கழுவ ஓர் ஆள், கழுவிய தேதியை எழுத ஒரு பலகை. அம்மையார் அவர்கள் மேடையிலேயே தலையசைத்தார்கள், நன்றி. எழுத்தில் வந்தால் இன்னும் பெரிய நன்றி.

சாப்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. அதை என் மனைவியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வாள். இந்தக் குழாய்களைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகும் முன் கையெழுத்துப் போடுங்கள். வார்டு எண்ணை மறக்காமல் எழுதுங்கள், போன தடவை அது இல்லை என்றுதான் திருப்பி அனுப்பினார்கள். நன்றி, வணக்கம்.